புற்றுநோய் செல்லைத் தேர்ந்து கொல்லும் பெப்டைடுகள்: தவளைத் தோலிலிருந்து ஊசிமருந்து வரை, படிப்படியாக

எங்கள் சித்தப்பா ஓய்வுபெற்றதிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவின் மருத்துவச் செய்திப் பிரிவை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் வந்தது இது: "தேனீ விஷம் 60 நிமிடத்தில் மார்பகப் புற்றுநோயைக் கொல்கிறது, டாக்டர்கள் மறைக்கிறார்கள்." கீழே ஏழெட்டுக் கும்பிடு. எனக்குத் தனியாகவும் அனுப்பி, "நீ இதைத்தானே படிச்ச, உண்மையா பொய்யா, ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்டிருந்தார்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளம். செய்தி பாதி உண்மை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஹாரி பெர்கின்ஸ் மருத்துவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கியாரா டஃபியும் அவர் குழுவும் 300க்கும் மேற்பட்ட தேனீக்களிடமும் பம்பிள் தேனீக்களிடமும் விஷம் எடுத்து, சிகிச்சைக்குக் கட்டுப்படாத சில வகை மார்பகப் புற்றுநோய் செல்களின் மேல் விட்டுப் பார்த்தார்கள். தேனீ விஷமும், அதில் இருக்கிற மெலிட்டின் என்ற பெப்டைடும் ஒரு மணி நேரத்துக்குள் அந்தச் செல்களின் சவ்வைச் சிதைத்தன. மெலிட்டின் இல்லாத பம்பிள் தேனீ விஷம் அப்படி ஒன்றும் செய்யவில்லை. யாரும் எதையும் மறைக்கவில்லை, 2020இல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி ஆராய்ச்சி இதழில் போட்டார்கள்.

ஃபார்வர்டில் விட்டுப்போனது என்னவென்றால், இதே மெலிட்டின் நம் ரத்தச் சிவப்பணுவையும் உடைக்கும். கொல்வது ஒரு சாதனையே இல்லை. ஆய்வகத் தட்டில் வளரும் புற்றுநோய் செல்லை பிளீச்சிங் தண்ணீர் கொல்லும், சோப்புத் தண்ணீர் கொல்லும், வெந்நீரை ஊற்றினாலும் சாகும். பக்கத்தில் இருக்கிற நல்ல செல்லை விட்டுவைத்ததா? இந்தத் துறையில் 40 வருடமாக எல்லோரும் முட்டிமோதுவது இந்தக் கேள்வியோடுதான். கீழே வரும் படிகளை அதைக் கையில் பிடித்துக்கொண்டே படியுங்கள்.

படி 1: பெப்டைடு எங்கிருந்து வருகிறது

அமினோ அமிலங்களை மணி மாதிரி கோத்தால் சங்கிலி, நீளமான சங்கிலி மடிந்து நின்றால் புரதம், சுமார் 50 மணிக்குள் இருக்கிற குட்டைச் சங்கிலிக்குப் பெப்டைடு என்று பெயர். மெலிட்டினில் 26 மணி.

தவளை, பூச்சி, தேள், பசு, மனிதன், செடி, மண்ணில் இருக்கிற நுண்ணுயிர் என்று எல்லா உயிரும் இதைச் செய்கிறது, அவற்றில் பல கிருமியை விரட்டத்தான். 1981இல் ஸ்வீடனில் ஹான்ஸ் போமன் குழு பெரிய பட்டு அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவிலிருந்து செக்ரோபின் என்ற பெப்டைடைப் பிரித்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது மைக்கேல் சாஸ்லாஃப் கதை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆப்பிரிக்க நகத்தவளைகளின் முட்டைகளை வைத்து வேறு ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முட்டைக்காக வயிற்றைக் கீறுவார், தைப்பார், தவளையைத் திரும்பவும் அதே கலங்கல் தொட்டியில் விடுவார். கிருமி மண்டிய தண்ணீர், ஆனால் புண் சீழ் பிடிக்கவே இல்லை. வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த காட்சிதான், ஒரு நாள் உறைத்தது: ஏன் சீழ் பிடிக்கவில்லை? தோலைத் தேடிப் பார்த்து 1987இல் 23 மணி நீளமுள்ள ஒரு பெப்டைடை அறிவித்தார். கேடயம் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து மேகெய்னின் என்று பெயர் வைத்தார். 1991இல் சாஸ்லாஃபும் இடம்பெற்ற ஒரு குழு அதே மேகெய்னின்கள் சில புற்றுநோய் செல்களையும் உடைப்பதைக் காட்டியது, அதுவும் சாதாரணச் செல்களை அவ்வளவாகத் தொடாத அளவிலேயே.

கிருமிக்கு வைத்த அம்பு புற்றுநோய் செல்லில் ஏன் தைக்க வேண்டும்?

படி 2: செல்லின் தோலைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டினால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

செல்லைச் சுற்றி இருக்கிற சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு. இரண்டு அடுக்கும் ஒரே மாதிரி இல்லை. நல்ல செல்லில் வெளிப்பக்க அடுக்கில் இருக்கிற கொழுப்புகள் பெரும்பாலும் மொத்தத்தில் மின்சுமை இல்லாதவை. எதிர்மின் உள்ள பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பை செல் உள்பக்கமாகவே வைத்துக்கொள்ளும். அது தவறி வெளியே வந்தால், ஃபிளிப்பேஸ் என்ற என்சைம் ஆற்றலைச் செலவழித்து மறுபடியும் உள்ளே தள்ளிவிடும். செல் சாகும் நேரத்தில் இந்தக் காவல் தளர்ந்து அந்தக் கொழுப்பு வெளியே தெரியும், அதைப் பார்த்துத்தான் நம் உடம்பின் துப்புரவு செல்கள் வந்து விழுங்குகின்றன.

புற்றுநோய் செல்லில் இந்த ஒழுங்கு குலைந்திருக்கும். ஆக்சிஜன் பற்றாக்குறை, அமிலச் சூழல், உள்ளே எப்போதும் ஒரு நெருக்கடி, இதனாலெல்லாம் பாஸ்பாடிடைல்செரின் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் வந்துவிடுகிறது, செல்லோ சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கிறது. இதோடு வெளியே ஒட்டியிருக்கிற சர்க்கரைச் சங்கிலிகளிலும் எதிர்மின் கூடுதல்: சியாலிக் அமிலம், ஹெப்பரான் சல்ஃபேட் எல்லாம் சராசரிக்கு மேல் இருக்கும். மேற்பரப்பில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் நுண்முளைகளும் அதிகம் என்பதால் ஒட்டிக்கொள்ள இடமும் ஜாஸ்தி. ஆக, வெளியிலிருந்து பார்த்தால் நல்ல செல் மின்சுமையில் ஏறக்குறைய நடுநிலை, புற்றுநோய் செல் எதிர்மின் பூசிய மாதிரி. பாக்டீரியாவின் மேற்பரப்பும் எதிர்மின்தான். தவளையின் அம்பு அந்தப் பூச்சைத்தான் தேடுகிறது, அது நோய்க்கிருமியா புற்றுநோயா என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஒரு எச்சரிக்கை. இந்த வேறுபாடு கறுப்பு வெள்ளை இல்லை. எல்லாப் புற்றுநோய் செல்லும் ஒரே அளவு எதிர்மின் காட்டாது, ஒரே கட்டிக்குள்ளேயே செல்லுக்குச் செல் மாறும். காயத்தில் வேலை செய்யும் ரத்தத் தட்டணுக்களும் பாஸ்பாடிடைல்செரினை வெளியே காட்டும். கொலஸ்ட்ரால் அதிகம் உள்ள சவ்வு இறுக்கமாக இருந்து இந்தப் பெப்டைடுகளை ஓரளவு தடுக்கும், ஆனால் சில மார்பக, புராஸ்டேட் புற்றுநோய் செல்களிலேயே கொலஸ்ட்ரால் கூடுதலாக இருப்பதுண்டு. ஆகவே "தேர்ந்து கொல்லும்" என்பதை எப்போதும் ஒரு விகிதமாகத்தான் படிக்க வேண்டும்.

படி 3: அம்பின் வடிவம், பென்சிலோடு

இந்தப் பெப்டைடுகளில் இரண்டு விஷயம் பொதுவாக இருக்கும். லைசின், அர்ஜினின் போன்ற நேர்மின் மணிகள், அவற்றோடு தண்ணீரை வெறுக்கும் எண்ணெய்த்தன்மை மணிகள். தண்ணீரில் தளர்ந்த கயிறு மாதிரி கிடக்கும், சவ்வைத் தொட்டதும் சுருள் படிக்கட்டு மாதிரி முறுக்கிக்கொள்ளும். முறுக்கியதும் நேர்மின் மணிகள் ஒரு பக்கம், எண்ணெய் மணிகள் மறுபக்கம் வந்து நிற்கும், அதுதான் அழகு.

நம்பிக்கை இல்லை என்றால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். சுருளில் ஒவ்வொரு மணியும் முந்தையதிலிருந்து 100 டிகிரி திரும்பி நிற்கும். மேகெய்னின்-2 என்ற வகையில் லைசின் இருப்பது 4, 10, 11, 14 ஆகிய இடங்களில். ஒரு வட்டம் வரைந்து 4ஆவதை உச்சியில் வையுங்கள், பிறகு மணிக்கு 100 டிகிரி என்று எண்ணிக்கொண்டே போங்கள். 11ஆவது 700 டிகிரி, அதாவது இரண்டு சுற்றுக்கு 20 டிகிரி குறைவு, கிட்டத்தட்ட அதே இடம். 14ஆவது உச்சிக்கு 80 டிகிரி இந்தப் பக்கம், 10ஆவது 120 டிகிரி அதே பக்கம். சங்கிலியில் தள்ளித் தள்ளி இருந்த நான்கும் வட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் கூடி நிற்கின்றன! முதல் தடவை நான் இதை நோட்டில் வரைந்தபோது டீ ஆறிப்போனது கூடத் தெரியவில்லை.

இப்போது மெலிட்டினை எடுங்கள். 26 மணியில் முதல் 20ஐப் பார்த்தால் ஒரே ஒரு லைசின்தான், 7ஆவது இடத்தில். மீதி நேர்மின் எல்லாம் வாலில் 21 முதல் 24 வரை வரிசையாக நான்கு. முன்பகுதி முழுக்க எண்ணெய்த்தன்மை தூக்கல். வாலின் நேர்மின் அதை எதிர்மின் சவ்வில் சேர்க்கிறது என்பது சரி, பெர்த் குழுவும் அந்த வால் முக்கியம் என்றுதான் காட்டியது. ஆனால் இவ்வளவு எண்ணெய்த்தன்மை இருந்தால் மின்சுமையின் துணை இல்லாமலேயே எந்தக் கொழுப்புச் சவ்விலும் நுழைந்துவிடும், சிவப்பணு உட்பட. மேகெய்னினுக்கு வாசலில் அடையாள அட்டை தேவை, மெலிட்டின் சுவரேறிக் குதித்துவிடும். பெர்த் குழுவே மெலிட்டினோடு மூன்று மணி நீளமுள்ள ஒரு முகவரித் துண்டை ஒட்டி அதைக் கட்டியின் பக்கம் திருப்பப் பார்த்ததற்குக் காரணமும் இதுதான்.

படி 4: துளை

ஒட்டியதற்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பதற்கு மூன்று படங்கள் வரைவார்கள். பீப்பாய்ப் பலகை மாதிரி பெப்டைடுகள் வட்டமாக நின்று குழாய் அமைப்பது ஒன்று, கொழுப்பையும் வளைத்து இழுத்துக்கொண்டு துளை போடுவது இன்னொன்று, மேலே பாய் விரித்த மாதிரி நிறைந்து கடைசியில் சவ்வைச் சோப்பு போலக் கரைத்துவிடுவது மூன்றாவது. எந்தப் பெப்டைடு எந்த வகை என்று கட்டுரைகளில் சண்டையே நடக்கும், நமக்கு அது வேண்டாம். உள்ளே இருப்பது வெளியே கொட்டுகிறது, செல் நிமிடங்களில் முடிந்துபோகிறது.

பிரேசில் குளவி ஒன்றின் விஷத்தில் கிடைத்த பாலிபியா-எம்பி1 இதில் நல்ல உதாரணம். 2015இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் பிரேசிலின் சாவோ பாலோ மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, செல்லை விட்டுவிட்டு வெறும் கொழுப்பாலான செயற்கைச் சவ்வுகளில் இதைச் சோதித்தன. பாஸ்பாடிடைல்செரின் இருந்தால் பெப்டைடு ஒட்டுவது ஏழெட்டு மடங்கு கூடியது. பாஸ்பாடிடைலெத்தனோலமைன் என்ற இன்னொரு கொழுப்பு இருந்தால் துளையின் அளவு 20 முதல் 30 மடங்கு பெருத்தது. புற்றுநோய் செல்லில் வெளியே வந்துவிடுகிற இரண்டு கொழுப்புமே இவைதான். ஒன்று கூட்டிக்கொண்டு வருகிறது, மற்றது வாசலை அகலமாகத் திறந்துவிடுகிறது.

இந்த வழியில் ஒரு வசதி உண்டு. பல கீமோ மருந்துகளைப் புற்றுநோய் செல் உள்ளே வந்த வேகத்தில் பம்ப் போட்டு வெளியே தள்ளிவிடும், மருந்து பலிக்காமல் போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சவ்வையே உடைக்கிற பெப்டைடு உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை, பம்புக்கு வேலையும் இல்லை.

உள்ளே போகிற வகையும் உண்டு. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா ஆதியில் பாக்டீரியாவாக இருந்து செல்லுக்குள் குடிவந்தது, அதன் உட்சவ்வில் இன்னமும் எதிர்மின் கொழுப்பு நிறைய. உள்ளே நுழைந்த பெப்டைடு அதைக் கிழித்தால் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். 1999இல் அமெரிக்காவில் ஒரு குழு, கட்டியின் ரத்தநாளத்தைத் தேடிப்போகும் துண்டு ஒன்றையும் மைட்டோகாண்ட்ரியாவைக் கிழிக்கும் துண்டு ஒன்றையும் இணைத்து எலிகளில் செய்து காட்டியது.

படி 5: உடைந்த செல் கூப்பாடு போடட்டும்

கட்டியில் பத்தில் ஒன்பது செல்லைக் கொன்றாலும் மீதி ஒன்று திரும்ப வளரும். ஆகவே இப்போது நிறையப் பேர் வேறு மாதிரி யோசிக்கிறார்கள்: பெப்டைடு எல்லாவற்றையும் கொல்ல வேண்டாம், சிலவற்றைச் சத்தம் வரும்படி உடைத்தால் போதும், மிச்சத்தை உடம்பின் எதிர்ப்புச் செல்கள் பார்த்துக்கொள்ளும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பசும்பாலிலிருந்து வந்தது. பாலில் லாக்டோஃபெரின் என்று ஒரு புரதம் உண்டு, வயிற்றில் இருக்கிற பெப்சின் அதை வெட்டினால் 25 மணி நீளமுள்ள லாக்டோஃபெரிசின் கிடைக்கும். நார்வேயின் ட்ரோம்சோ நகர ஆராய்ச்சியாளர்கள் அதை முன்மாதிரியாக வைத்துச் சுருக்கிச் சுருக்கி 9 மணிக்குக் கொண்டுவந்தார்கள். லைசின் 5, டிரிப்டோபான் 3, இயற்கையில் இல்லாத செயற்கை மணி 1. பெயர் எல்டிஎக்ஸ்-315. இது சவ்வையும் மைட்டோகாண்ட்ரியாவையும் உடைக்கும்போது செல்லின் உள்சரக்கு அப்படியே வெளியே சிந்துகிறது, ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) மாதிரி அபாய அறிகுறிகளும் அந்தப் புற்றுநோய்க்கே உரிய புரதங்களும் சேர்ந்து. எதிர்ப்புச் செல்கள் அதை மோப்பம் பிடித்து வருகின்றன.

இதை ரத்தத்தில் ஏற்றுவதில்லை, நேராகக் கட்டிக்குள் ஊசி போடுகிறார்கள். ரத்தத்தில் விட்டால் புரதம் வெட்டும் என்சைம்கள் நிமிடங்களில் நறுக்கிவிடும், அல்புமின் என்ற ரத்தப் புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும், மீதியைச் சிறுநீரகம் வடிகட்டிவிடும். கட்டிக்குள்ளேயே போட்டால் எதிரி மட்டும்தான் எதிரே, தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதியை ஊசி முனையே செய்துவிடுகிறது. கொஞ்சம் ஏமாற்று வேலை மாதிரித் தெரியலாம், எனக்கு அது புத்திசாலித்தனமாகவே படுகிறது. பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோயில் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவு 2024இல் வந்தது. ஏறக்குறைய பாதிக் கட்டிகளில், திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது புற்றுநோய் செல் மிச்சமில்லை. தோலில் தெரிகிற, ஊசி எட்டுகிற புற்றுநோய் என்பதை மறக்க வேண்டாம். கணையத்துக்குள் இருக்கிற கட்டிக்கு இது அப்படியே பொருந்தாது.

படி 6: கொல்லாத பெப்டைடு, தபால்காரர்

இதுவரை பார்த்ததெல்லாம் மின்சுமையை நம்பியவை. இன்னொரு கூட்டம் முகவரியை நம்புகிறது, உண்மையில் ஆஸ்பத்திரியில் இன்று வேலை செய்துகொண்டிருப்பதும் இதுதான்.

சோமாடோஸ்டாட்டின் என்பது நம் மூளையும் குடலும் சுரக்கும் 14 மணி ஹார்மோன், 1973இல் கண்டுபிடித்தார்கள். ஹார்மோன் சுரக்கும் செல்களில் உண்டாகிற நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் என்று ஒரு வகை உண்டு, அவற்றின் மேல் இந்த ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பி எக்கச்சக்கமாக இருக்கும். ஆனால் ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடம் கூட நிற்காது. அதைக் குறுக்கி, 8 மணியாக்கி, என்சைம் வெட்டும் இடத்தில் கண்ணாடிப் பிம்பம் போன்ற டி-வகை அமினோ அமிலத்தை வைத்ததும் ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடித்தது. அது ஆக்ட்ரியோடைடு. பிறகு அதே குடும்பத்துப் பெப்டைடு ஒன்றின் முதுகில் லுட்டீஷியம்-177 என்ற கதிரியக்க அணுவை ஏற்றினார்கள். பெப்டைடு கட்டியின் ஏற்பியில் போய் ஒட்ட, கதிர்வீச்சு மில்லிமீட்டர் தூரத்துக்குள் வேலையை முடிக்கிறது. அமெரிக்காவில் 2018 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. இந்தியாவிலும் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளின் அணு மருத்துவப் பிரிவுகளில் இதைக் கொடுக்கிறார்கள். நல்ல செல்லில் ஏற்பியே இல்லையா என்றால் இருக்கிறது, சிறுநீரகமும் பெப்டைடைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால்தான் சிகிச்சையின்போது சிறுநீரகத்தைக் காக்க அமினோ அமிலக் கரைசலைச் சேர்த்து ஏற்றுகிறார்கள். திரும்பவும் அதே கேள்விதான்.

தேள் ஒன்றின் விஷத்தில் இருக்கும் 36 மணி குளோரோடாக்சினும் இந்த ரகம். மூளைக் கட்டிகளில் போய் ஒட்டும். அமெரிக்காவின் சியாட்டிலில் ஜிம் ஆல்சன் என்ற குழந்தைகள் புற்றுநோய் மருத்துவரின் குழு அதோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, அறுவை செய்பவர் கட்டியின் ஓரத்தைக் கண்ணால் பார்க்கும்படி ஒரு பெயின்ட் செய்தது.

படி 7: கொடூர விஷத்துக்குக் கடிவாளம்

கடல் முயல் என்று வெளியே ஓடு தெரியாத கடல் நத்தை ஒன்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் ஜார்ஜ் பெட்டிட் என்ற வேதியியலாளர் இந்தியப் பெருங்கடலில் கிடைக்கும் இந்தக் கடல் முயலிலிருந்து டோலாஸ்டாட்டின்-10 என்ற குட்டிப் பெப்டைடைப் பிரித்தெடுத்து 1987இல் அமைப்பை வெளியிட்டார். வருடக்கணக்கான வேலை அது, டன் கணக்கில் உயிரிகளைச் சேகரித்தும் கிடைத்தது மில்லிகிராம் கணக்கில். உண்மையில் அதைத் தயாரிப்பது கடல் முயலே இல்லை, அது தின்னும் நீலப்பச்சைப் பாசி என்று பின்னால் தெரிந்தது. செல் இரண்டாகப் பிரிய உதவும் நுண்குழாய்களை அது குலைத்துவிடும். தனியாக மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள், தோற்றது. நல்ல செல், கெட்ட செல் பார்க்காமல் அடித்ததால் நோயாளி தாங்கும் அளவில் பலன் தெரியவில்லை.

இந்தக் கதை அங்கே முடிந்திருக்க வேண்டியது. அதன் நெருங்கிய உறவான எம்எம்ஏஇ என்ற செயற்கைப் பெப்டைடை, சில புற்றுநோய் செல்களின் மேல் இருக்கும் சிடி30 என்ற அடையாளத்தைத் தேடிப்போகும் ஆன்டிபாடியோடு (எதிர்ப்புப் புரதத்தோடு) இணைத்தார்கள். நடுவில் ஒரு கொக்கி, செல்லுக்குள் போனபிறகுதான் அது அறுபடும். 2011இல் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோய்க்கு பிரென்டக்சிமாப் வெடோட்டின் என்ற பெயரில் அனுமதி பெற்றது அதுதான். பெயரின் கடைசியில் வெடோட்டின் என்று வருகிற மருந்துகளில் எல்லாம் இந்தக் கடல் முயலின் வாரிசு உட்கார்ந்திருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மூத்தவை மண்ணிலிருந்து வந்த ஆக்டினோமைசினும் பிளியோமைசினும். இரண்டின் உடம்பிலும் பெப்டைடு உண்டு, பல பத்தாண்டுகளாகக் கீமோவில் இருக்கின்றன, குழந்தைகளின் சிறுநீரகக் கட்டியிலும் விரைக் கட்டியிலும் நிறைய உயிர்களைக் காப்பாற்றியவை. தேர்ந்து கொல்வதில் சுமார்தான், பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கும். "இயற்கையானது, அதனால் பக்கவிளைவு இல்லை" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டின் பெயரைச் சொல்லுங்கள்.

படி 8: அடுத்த செய்தி வரும்போது என்ன செய்வது

முதலில் எங்கே கொன்றது என்று பாருங்கள். தட்டிலா, எலியிலா, மனிதரிலா? தட்டிலேயும் ரத்த சீரம் சேர்த்துச் செய்தார்களா என்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் சீரம் இல்லாமல் புலியாகப் பாய்ந்த பெப்டைடு சீரத்தில் பூனையாவது சர்வசாதாரணம்.

அப்புறம் இரண்டு எண்களைத் தேடுங்கள். பாதிப் புற்றுநோய் செல்லைக் கொல்ல எவ்வளவு தேவைப்பட்டது, பாதிச் சிவப்பணுவை உடைக்க எவ்வளவு தேவைப்பட்டது. இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். 50, 100 என்று வந்தால் மேலே படிக்கலாம். 2, 3 என்று வந்தால் அந்தப் பெப்டைடு மெலிட்டினின் தம்பி. இரண்டாவது எண்ணே கட்டுரையில் இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும், காரணம் அந்தச் சோதனை அவ்வளவு சுலபம். நான் முதுகலை படிக்கும்போது செய்திருக்கிறேன்: கழுவிய சிவப்பணுவில் பெப்டைடைக் கலந்து, ஒரு மணி நேரம் உடல் வெப்பத்தில் வைத்து, சுழற்றி எடுத்தால், செல் பிழைத்திருந்தால் அடியில் சிவப்பு உருண்டை, மேலே தெளிந்த நீர். உடைந்திருந்தால் நீர் முழுக்கச் செக்கச் செவேல். நூறு சதவீதம் உடைந்ததற்கு அளவுகோலாகப் பக்கத்திலேயே டிரைட்டான் என்ற சோப்பு கலந்த குழாய் ஒன்று இருக்கும். மூன்று மாதம் கஷ்டப்பட்டு நான் வாங்கி வைத்திருந்த பெப்டைடு போட்ட குழாய்க்கும் சோப்புக் குழாய்க்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியவில்லை. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது, எந்தப் புற்றுநோய் என்று கேளுங்கள். நம் உடம்பே சுரக்கும் எல்எல்-37 என்ற 37 மணி பெப்டைடு வயிற்றுப் புற்றுநோய் ஆய்வுகளில் நல்ல பிள்ளை, சினைப்பைப் புற்றுநோயிலோ கட்டி வளரவே அது துணைபோவதாகத் தெரிந்தது. ஒரே பெப்டைடு, இரண்டு வீட்டில் இரண்டு குணம்.

நான்காவது, சோதனையில் பிழைப்பதும் அனுமதி வாங்குவதும் வேறு வேறு. சாஸ்லாஃபின் மேகெய்னினிலிருந்து வந்த பெக்சிகனான், நீரிழிவுக் கால்புண்ணுக்கான கிருமிநாசினிக் களிம்பாக வந்தது, புற்றுநோய்க்குக் கூட இல்லை. ஏற்கெனவே இருக்கிற ஆன்டிபயாடிக்கைவிட மேல் என்று காட்ட முடியவில்லை என்று 1999இல் அமெரிக்காவில் அனுமதி மறுத்துவிட்டார்கள்.

தானாகத் தோண்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு, சண்டிகரில் ராகவா என்ற விஞ்ஞானியின் குழு தொடங்கிய கேன்சர்பிபிடி என்ற இலவசத் தரவுத்தளம் இருக்கிறது, புற்றுநோய் எதிர்ப்புப் பெப்டைடுகளும் அவற்றின் சோதனை விவரங்களும் அங்கே கிடைக்கும். அதே குழுவின் ஆன்டிசிபி என்ற கருவியில் ஒரு சங்கிலியைப் போட்டால் புற்றுநோயை எதிர்க்கும் வாய்ப்பு உண்டா என்று கணித்துச் சொல்லும். கணிப்புதான், பிறகு குழாயும் சிவப்பணுவும் வேண்டும்.

படி 9: வீட்டில் செய்யக்கூடியது, கூடாதது

தேனீயைக் கொட்டவிடுவது கூடாது. கொட்டினால் போகிற அளவு கட்டியைச் சென்று சேராது, ஒவ்வாமை இருந்தால் சில நிமிடத்தில் உயிருக்கே ஆபத்து. தேள் விஷச் சொட்டு மருந்து என்று விற்கிறவர்களிடம் மேலே சொன்ன இரண்டு எண்களைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும். நடந்துகொண்டிருக்கிற சிகிச்சையை இதற்காக நிறுத்துவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இவ்வளவையும் சித்தப்பாவுக்குப் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பால்ல இருக்குன்னியே, அப்ப தினம் ரெண்டு டம்ளர் பால் குடிச்சா?" என்றார். வயிற்றில் லாக்டோஃபெரிசின் உண்டாவது உண்மை, ஆனால் அது குடலில் மேலும் துண்டாகிவிடும், கட்டிக்குள் ஊசி போடுகிற அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. பால் பிடித்தால் குடியுங்கள் என்றேன்.

மறுநாள் அடுத்தது வந்தது: சங்குப்பூ டீ. இதில் எனக்கே கொஞ்சம் தடுமாற்றம். சங்குப்பூச் செடியில் சைக்ளோடைடு என்ற பெப்டைடுகள் இருப்பது 2011இல் நிரூபணமானது, அவற்றில் சில தட்டில் புற்றுநோய் செல்லைக் கொன்றதும் உண்மை. இந்த வகைக்குத் தலையும் வாலும் இணைந்து வளையமாகி, நடுவில் மூன்று கந்தகப் பாலங்கள் முடிச்சுப் போட்டிருக்கும், அதனால் கொதிக்க வைத்தாலும் என்சைம் கடித்தாலும் சுலபத்தில் சிதையாது. 1960களில் காங்கோவில் வேலை பார்த்த லோரன்ட்ஸ் கிரான் என்ற நார்வே மருத்துவர், பிரசவத்தை விரைவுபடுத்தப் பெண்கள் ஒரு செடியைக் காய்ச்சிக் குடிப்பதைக் கவனித்துத்தான் இந்தக் குடும்பத்தின் முதல் பெப்டைடான கலாட்டா-பி1ஐத் தேடிப்போனார். கொதிநீரில் தப்பிக்கிறது, வயிற்றிலும் ஓரளவு தப்பிக்கிறது, சித்தப்பா சொல்வதில் ஏதோ இருக்கிறது போல என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

"சிவப்பணு?" என்று திரும்பக் கேட்டது அவர்தான், நான் இல்லை. கலாட்டா-பி1 அதையும் உடைக்கும் என்றேன்.